புதிய இயங்குதளம் வரட்டும். பழைய வேலை கெடக் கூடாது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. மறுநாளும் டி.டி.பி. சென்டர்களில் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். கடைகளில் பில் போட்டார்கள். ஆடிட்டர் அலுவலகங்களில் டேலி கணக்கு மென்பொருளைத் திறந்து வேலை பார்த்தார்கள். நின்றது பாதுகாப்புத் திருத்தங்களின் வரத்து மட்டும்தான். பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு அவகாசம் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அது எல்லாக் கணினியிலும் ஏறாது. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பெரிய தடையில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இடம்பெற்ற பிராசசரும் வேண்டும் என்பதுதான் தடை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலே தொடங்குகிறது. 2015-இல் வாங்கி இன்றும் குறையில்லாமல் ஓடும் கணினிக்கு அதிகாரபூர்வமான வழி கிடையாது.

புதிய இயங்குதளம் ஒன்று வரும்போது, தினமும் கணினியில் வேலை பார்ப்பவர் அதனிடம் எதைத்தான் எதிர்பார்க்கிறார்? வெளியீட்டு விழாக்களில் புதிய தோற்றம், புதிய ஐகான்கள், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று பட்டியல் நீள்கிறது. பயனரின் பட்டியல் வேறு. தட்டினால் உடனே பதில் வர வேண்டும். இருக்கிற பிரிண்டர் ஓட வேண்டும், பழைய ஃபைல் திறக்க வேண்டும். பழகிய பட்டன் பழகிய இடத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் செய்த வேலை போகக் கூடாது. வேலை நேரத்தில் அப்டேட் குறுக்கே வரக் கூடாது. தமிழ் பிழையில்லாமல் தெரிய வேண்டும். எளிமையாகத் தோன்றும் இந்த ஆசைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் கணினி அறிவியலின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. இவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புதுமையை முன்னிறுத்திய இயங்குதளங்கள் அடி வாங்கியிருக்கின்றன.

நடுவில் நின்று நடத்துவது

நாம் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் வன்பொருளை நேரடியாகத் தொடுவதில்லை. ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து ‘சேவ்’ கொடுத்தால், அந்த மென்பொருளுக்கு வன்தட்டில் எழுதத் தெரியாது. “இந்தப் பெயரில், இந்த விவரத்தை எழுதிக்கொடு” என்று இயங்குதளத்திடம் வேண்டுகோள் வைக்கிறது. சிஸ்டம் கால் என்பது இதுதான். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதைப் பெற்று, அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இடம் ஒதுக்கி, அந்த வன்தட்டுக்குரிய டிரைவர் வழியாக எழுதச் செய்கிறது. விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு தட்டலும், மவுஸின் ஒவ்வொரு அசைவும் இதே கெர்னல் வழியாகத்தான் போய்வருகின்றன.

பிராசசரின் நேரம், நினைவகம், சேமிப்பிடம், இணைப்புக் கருவிகள் ஆகிய நான்கையும் எல்லா மென்பொருளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே இயங்குதளத்தின் வேலை. பங்கீடு ஒழுங்காக நடக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. தப்பினால்தான் “கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு” என்ற குரல் எழுகிறது.

பத்தில் ஒரு நொடி

பயனரின் முதல் கோரிக்கை வேகம். இதை அளக்கவும் வழி உண்டு. கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான உரையாடலில் எவ்வளவு தாமதத்தை மனம் பொறுக்கும் என்பதைப் பற்றி ராபர்ட் மில்லர் 1968-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1993-இல் வெளியிட்ட நூல் அந்த வரம்புகளைப் பரவலாக்கியது. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாக உணர்கிறோம். 1 நொடிவரை தாமதம் தெரியும், ஆனால் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது.

அந்த 0.1 நொடியைக் காப்பாற்றுவதில் முதல் பொறுப்பு ஷெட்யூலர் என்ற பகுதிக்கு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பிரவுசர் எதையோ இறக்குகிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் வன்தட்டைத் துழாவுகிறது. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள். ஷெட்யூலர் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை பிராசசரை ஒன்றிடமிருந்து வாங்கி மற்றொன்றிடம் கொடுக்கிறது. அந்த எழுத்தைத் திரையில் காட்டும் வேலைக்கு உரிய நேரத்தில் முறை வந்துவிட்டால், பின்னணியில் எத்தனை வேலை நடந்தாலும் கணினி சுறுசுறுப்பாகத் தெரியும்.

பழைய கணினிகள் தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஷெட்யூலர் அல்ல, நினைவகப் பற்றாக்குறை. திறந்திருக்கும் மென்பொருள்களுக்கு ராம் போதாதபோது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வன்தட்டுக்கு மாற்றி வைக்கிறது. மறுபடி கேட்கும்போது அங்கிருந்து எடுத்து வர வேண்டும். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். சுழலும் வன்தட்டில் அதற்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி. ஒரு லட்சம் மடங்கு தாமதம்! சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பிடத்தில் இது ஏறத்தாழ 0.1 மில்லிநொடி, அதாவது வன்தட்டைவிட நூறு மடங்கு விரைவு. பழைய மடிக்கணினியில் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதும் புதுசு மாதிரி ஓடுகிறது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஓர் இயங்குதளம் தன் சொந்தத் தேவைக்கே ராமில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், 4 ஜிபி கணினியில் பிரவுசரைத் திறந்த மாத்திரத்தில் இந்த இடமாற்றம் தொடங்கிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தகுதி அது நிறுவப்படுவதற்குரிய தகுதிதான். சிரமமில்லாமல் வேலை பார்ப்பதற்குரியது அல்ல.

பழைய பிரிண்டர், பழைய ஃபைல்

வேகத்தைவிடவும் பயனர் விட்டுக்கொடுக்காத கோரிக்கை ஒன்று உண்டு: இதுவரை ஓடியது இனியும் ஓட வேண்டும்.

ஒரு டி.டி.பி. சென்டரை எடுத்துக்கொள்வோம். 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்றும் சில இடங்களில் புழங்குகிறது. அதற்குப் பிறகு அந்த மென்பொருளில் அடுத்த பதிப்பே வரவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்த நூற்றுக்கணக்கான ஃபைல்கள் வன்தட்டில் கிடக்கின்றன. மேசையோரத்தில் ஒரு பழைய லேசர் பிரிண்டர். உரிமையாளரைப் பொறுத்தவரை இவையெல்லாம் சேர்ந்ததுதான் கணினி. பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு அழகான இயங்குதளமும் அவருக்குப் பயன்படாது.

டிரைவர் என்பது குறிப்பிட்ட ஒரு கருவியின் மொழியைக் கெர்னலுக்குச் சொல்லித் தரும் சிறு மென்பொருள். அதைக் கருவியின் உற்பத்தியாளர் எழுத வேண்டும். இயங்குதளம் தன் உள்ளமைப்பை மாற்றினால் டிரைவரையும் மாற்றி எழுத வேண்டும். விற்று முடித்த பழைய மாடலுக்காக யார் மெனக்கெடுவார்கள்? 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா இந்த இடத்தில்தான் இடறியது. கிராஃபிக்ஸ், ஒலி ஆகியவற்றுக்கான டிரைவர் அமைப்பை அது மாற்றியது. பாதுகாப்பின் நோக்கில் பார்த்தால் அதன் பல மாற்றங்கள் சரியானவையே. ஆனால் வெளியான நேரத்தில் பல கருவிகளுக்குப் பொருத்தமான டிரைவர்கள் தயாராக இல்லை. பலர் அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி-யிலேயே தங்கிவிட்டார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதே அடித்தளத்தில் நின்றது; டிரைவர்கள் அதற்குள் தயாராகியிருந்தன; மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

லினக்ஸ் கெர்னலை 1991-இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதியை இன்றுவரை கண்டிப்போடு காத்துவருகிறார். கெர்னலின் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அதன்மேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் அதனால் நின்றுபோகக் கூடாது. பயனரின் மனத்தை அறிந்த பொறியியல் இது.

தொழில்நுட்பத்தில் சிறந்திருந்தும் தோற்றவை பல. பல வீடியோக்களை ஒரே நேரத்தில் தடங்கலின்றி ஓட்டிக்காட்டி 1990-களில் வியப்பூட்டிய பீஓஎஸ் என்ற இயங்குதளம், வேண்டிய மென்பொருள்கள் இல்லாமல் ஒடுங்கியது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் சொத்துகள் 2001-இல் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 2010-இல் வந்த விண்டோஸ் ஃபோன் தோற்றத்திலும் வேகத்திலும் பாராட்டுப் பெற்றும், மக்கள் தேடிய ஆப்கள் அதில் இல்லாததால் மறைந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் முடிவு செய்தது. அதற்கு அரசியல் காரணங்களும் நிர்வாகக் காரணங்களும் இருந்தன. வெளி அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்களைக் கையாள்வதில் சிக்கல் என்ற ஊழியர்களின் புகாரும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. கேரளப் பள்ளிகளிலோ லினக்ஸ் வேரூன்றியிருக்கிறது. அங்கே பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைத்தது. பாடநூலும் அதையொட்டி அமைந்தது. பயனரின் வேலை முழுவதும் புதிய இடத்திலேயே நடந்தேறும்படி செய்ததால் மாற்றம் நிலைத்தது.

கைக்குப் பழகிய இடம்

விண்டோஸ் 95 வந்ததிலிருந்து திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டன் இருந்துவந்தது. 2012 அக்டோபர் 26 அன்று வெளியான விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டு, தொடுதிரைக்கேற்ற கட்டங்களால் ஆன முகப்பைக் கொடுத்தது. மவுஸும் விசைப்பலகையும் வைத்து வேலை பார்த்த கோடிக்கணக்கானோர் கணினியை அணைக்கும் வழியைக்கூடத் தேட வேண்டியதாயிற்று. ஓராண்டுக்குள் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பி வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 ஸ்டார்ட் மெனுவையும் முழுமையாக மீட்டுக் கொடுத்தது.

இதைப் பயனரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பல்லாண்டுப் பழக்கத்தால் கை தானாக ஓர் இடத்துக்குப் போகும்போது, மூளை அந்த அசைவைப் பற்றி யோசிப்பதில்லை. எழுதும் கடிதத்தைப் பற்றி மட்டும் யோசிக்கிறது. பட்டனை நகர்த்தினால் அந்தக் கவனம் சிதறுகிறது. அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு நாளில் சிதறும் சில நிமிடங்கள், நாடு முழுவதும் கணக்கிட்டால் பெரும் உழைப்பு.

கரண்ட் போனால்

வன்தட்டில் ஒரு ஃபைலை எழுதுவது ஒரே செயல்போலத் தோன்றினாலும் உள்ளே பல படிகள் உண்டு. காலி இடத்தை ஒதுக்க வேண்டும், விவரத்தை எழுத வேண்டும், பெயர்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பட்டியல் ஒன்றைச் சொல்லும், தட்டில் வேறொன்று இருக்கும். பழைய கணினிகள் மறுபடி தொடங்கும்போது நெடுநேரம் வன்தட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

தீர்வு நம் கடைக்காரர்களுக்குத் தெரிந்ததே. கொடுக்கல் வாங்கலை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். பாதியில் எழுந்து போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடலாம். கோப்பு முறைமையும் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற தனிப் பகுதியில் குறித்துக்கொள்கிறது. கரண்ட் திரும்பியதும் அதைப் படித்து, அரைகுறையான வேலையை முடிக்கிறது அல்லது ரத்து செய்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறைமையில் 1993 முதலும், லினக்ஸில் 2001-இல் சேர்ந்த எக்ஸ்ட்3 முறைமையிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ‘சேவ்’ கொடுத்த விவரத்தை இயங்குதளம் வேகத்துக்காகக் கொஞ்ச நேரம் ராமிலேயே வைத்திருக்கும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் இது 30 நொடிவரைகூட இருக்கலாம். அதற்குள் மின்சாரம் போனால் அந்த விவரம் போய்விடும். பென் டிரைவைப் பிடுங்கும் முன் அதற்குரிய கட்டளையைக் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சேமிக்காத பகுதியை ஜர்னல் காப்பாற்றாது. சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் மென்பொருளும் ஒரு யு.பி.எஸ்.ஸும்தான் காப்பாற்றும்.

அப்டேட் எப்போது வர வேண்டும்?

அப்டேட்டை வெறுப்பவர்கள் நிறைய. நல்ல காரணம் இருக்கிறது: அவசரமாக ஒரு விண்ணப்பத்தை அனுப்பும் நேரத்தில் “அணைக்க வேண்டாம்” என்ற நீலத் திரை முன்னால் நின்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்துவது ஆபத்து. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாதிருந்த கணினிகளைத் தேடி, மே 12 அன்று வன்னாகிரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. திருத்தம் கைக்கு எட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தவறான அப்டேட்டும் இதே அளவு கேடு செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்த மென்பொருளின் ஒரு பகுதி கெர்னலுக்குள்ளேயே ஓடியதால், அதில் நேர்ந்த பிழை முழுக் கணினியையும் கவிழ்த்தது.

இதற்கு நல்ல வழியொன்று நடைமுறையில் இருக்கிறது. 2011-இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் கணினிகளில் இயங்குதளத்துக்கென்று இரண்டு தனி இடங்கள் உண்டு. ஒன்றில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதிய பதிப்பு பின்னணியில் ஏறிவிடும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது புதியது இயங்கும். அது சரியாக எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பும். ஆண்ட்ராய்டு 7 பதிப்பிலிருந்து கைபேசிகளுக்கும் இந்த முறை வந்தது. அப்டேட் வந்ததே தெரியாமல் வருவதும், கெட்டால் தானே பின்வாங்குவதும் ஒவ்வொரு புதிய இயங்குதளத்திலும் இருந்தே ஆக வேண்டியவை.

‘கொ’ என்று தெரிய வேண்டும்

தமிழ்ப் பயனரின் கோரிக்கை ஒன்று தனியாக நிற்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோடு முறையில் கணினி ‘க’ என்றும் ஒகரக் குறி என்றும் இரண்டே குறியீடுகளாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து இதைச் செய்யும் பகுதி இயங்குதளத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு இந்த வசதி வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பி-யிலோ அமைப்புப் பகுதிக்குள் போய் ஒரு தனிக் கட்டத்தில் டிக் செய்தால்தான் தமிழ் சரியாகத் தெரிந்தது. அது தெரியாதவர்கள் கொம்பும் காலும் இடம் மாறிய தமிழையே பார்த்தார்கள்.

இன்று முக்கிய இயங்குதளங்கள் எல்லாமே தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. ஆனால் மெனு, பிழைச் செய்தி, உதவிப் பக்கம் எல்லாம் பேச்சுக்கு அருகிலான தமிழில் கிடைப்பதும், தமிழ் 99 விசைப்பலகை தேடாமலே கைக்கு எட்டுவதும், பார்வையற்றோருக்குத் திரையை இயல்பான தமிழில் படித்துக் காட்டுவதும் இன்னும் சீராக இல்லை. புதிய இயங்குதளம் ஒன்று தமிழகத்தில் வேரூன்ற விரும்பினால் இங்கிருந்து தொடங்கட்டும். சென்னை சி-டாக் முன்னின்று உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை முதன்மைப்படுத்தியது நல்ல தொடக்கம். அதைப் பராமரித்து வளர்ப்பது அரசுகளின் கடமை.

மாறும் முன் செய்ய வேண்டியவை

பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் அப்படி வேலை பாருங்கள். பிரிண்டர் அச்சடிக்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் முக்கியமான ஐந்து ஃபைல்கள் சரியாகத் திறக்கின்றனவா, வங்கித் தளம் இயங்குகிறதா என்று சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் மாறுங்கள். ஒன்று இல்லையென்றாலும் பொறுங்கள். இணையம் தேவைப்படாத வேலையென்றால், பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் ஃபைல்களின் பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்து வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஸ்மார்ட்ஃபோன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய உறுதி நம் நாட்டிலும், கைபேசிக்கும் கணினிக்கும் சேர்த்தே வர வேண்டும். அதுவரை கடையில் ராம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “இதுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?” பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.